இறுகிப்போன ஜன்னல் துடைக்கும் கம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போகிக்கு இரண்டு நாள் முன்னால் பரணிலிருந்து இறங்கும் கம்பு நீள மறுக்கும். வீட்டில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து பலத்தைக் காட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் கம்பு வளைந்திருக்கும், இல்லாவிட்டால் யாருக்காவது மணிக்கட்டு பிசகியிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வீட்டில் நடக்கும் இந்தக் கூத்து, கண்ணாடி துடைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு வாராவாரம் நடக்கும். சென்னையில் ஓஎம்ஆர் சாலை அலுவலகக் கட்டடங்களிலும் ஈசிஆர் சாலைப் பக்கத்துக் கடலோர வீடுகளிலும் 15 வருடமாகக் கண்ணாடி துடைத்து வருகிறேன். உப்புக்காற்றும் போர் தண்ணீரும் கம்பை என்ன பாடு படுத்தும் என்பது கைப்பட்ட அனுபவம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை.

கம்பில் எந்தெந்த இடம் இறுகும்?

குழாய்க்குள் குழாய் நுழையும் இடம், அந்தக் குழாய்களைப் பூட்டும் இடம், நுனியில் வைப்பரோ பிரஷ்ஷோ மாட்டும் மரை, இந்த மூன்றும்தான் முக்கியம். தண்ணீர் ஏறும் கம்பாக இருந்தால் டியூப் இணைப்பு நான்காவது. எது இறுகியிருக்கிறது என்று தெரியாமல் கம்பை மொத்தமாக முறுக்கினால், நன்றாக இருக்கும் இடமும் கெடும்.

சரி, இறுகிவிட்டது. முதலில் என்ன செய்வது?

கழுவுங்கள். சிரிக்காதீர்கள், பாதிக் கம்புகள் இதிலேயே கழன்றுவிடும். கடல் உப்பு தண்ணீரில் கரையும், மண்ணும் கரைந்து ஓடும். இறுகிய இடத்தை ஒரு வாளி நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வைத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் விளிம்பைச் சுற்றித் தேய்த்த பிறகு அசைத்துப் பாருங்கள்.

அப்போதும் வராவிட்டால் விளிம்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். அலுமினியம் இரும்பைப்போலச் சிவப்பாகத் துருப்பிடிக்காது. அதன் துரு வெள்ளைப் பொடியாக, பூஞ்சை பூத்ததுபோல் இருக்கும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பும் வெள்ளைதான், ஆனால் கெட்டியாக, வாளி விளிம்பில் படிவதுபோல ஓடாகப் படிந்திருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, சும்மா இருந்தால் அலுமினியத் துரு. பச்சையாக இருந்தால் பித்தளைக் களிம்பு. எதுவுமே தெரியாமல் அசைக்கும்போது கரகரவென்று கேட்டால் உள்ளே மணல்.

இப்படிப் பார்ப்பது வெட்டி வேலையாகத் தோன்றலாம். ஆனால் சுண்ணாம்புக்கு எண்ணெய் விட்டால் ஒன்றும் ஆகாது. மணல் இருக்கும்போது முறுக்கினால் குழாயில் கீறல் விழும், அந்தக் கீறலிலிருந்தே அடுத்த துரு தொடங்கும். எது பிடித்துக்கொண்டிருக்கிறதோ அதற்குத்தான் மருந்து.

வீட்டு ஒட்டடைக்கம்பு. திருகினால் திருகிக்கொண்டே இருக்கிறது. பூட்டவும் இல்லை, கழலவும் இல்லை. ஏன்?

திருகிப் பூட்டும் கம்பில், உட்குழாயின் அடிமுனையில் ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதன் நடு அச்சு கொஞ்சம் தள்ளி இருக்கும். திருகும்போது அந்தத் துண்டு ஒருபக்கமாக ஒதுங்கி, வெளிக்குழாயின் சுவரில் ஆப்பு வைத்ததுபோல இறுகும். அதுதான் பூட்டு.

சும்மா சுற்றினால், துண்டு சுவரைப் பிடிக்காமல் குழாயோடு சேர்ந்து சுற்றுகிறது என்று பொருள். தேய்ந்திருக்கலாம், எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கலாம். கம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் வளைப்பதுபோல் அழுத்திக்கொண்டு திருகுங்கள். துண்டு சுவரில் உரசிப் பிடித்துவிடும். பிறகு உட்குழாயை முழுக்க வெளியே உருவி, துண்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, மேல்பக்கத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் இன்னும் சில வருடம் ஓடும்.

திருகவே முடியாமல் இறுகியிருந்தால், போன தடவை யாரோ வேகமாகப் பூட்டிவிட்டார்கள். பூட்டிய திசைக்கு எதிராகத் திருப்ப வேண்டும். எந்தத் திசை என்று மறந்துவிட்டால் இரண்டு பக்கமும் மெல்ல மாற்றி மாற்றி அசையுங்கள், ஒரே பக்கம் முழு பலத்தையும் காட்ட வேண்டாம். வெறுங்கை வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டி, இரண்டு குழாயிலும் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் பிடித்துத் திருகுங்கள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்தால் இன்னும் சுலபம். சமையலறை ரப்பர் கையுறையும் இந்த வேலைக்கு ஆகும்.

குழாய்க்குள் குழாய் அப்படியே ஒட்டிக்கொண்டது. நீளவும் இல்லை, சுருங்கவும் இல்லை. என்ன வழி?

இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான கேஸ், பொறுமை வேண்டும். அலுமினியம் அரிக்கும்போது உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்துபோன உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். இரண்டு குழாய்க்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியை அது அடைத்துவிடுகிறது.

பூட்டை முழுக்கத் தளர்த்துங்கள். குழாயை வெளியிலிருந்து கவ்விப் பூட்டும் கிளாம்ப் இருந்தால், முடிந்தால் அதைக் கழற்றியே வைத்துவிடுங்கள். கம்பைச் செங்குத்தாக நிறுத்தி, இணையும் விளிம்பைச் சுற்றி, டபிள்யூடி-40 மாதிரி இடுக்கில் ஊடுருவும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும். இடையிடையே மரக்கட்டையால் விளிம்பைச் சுற்றி டொக் டொக்கென்று தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும். இரும்புச் சுத்தியல் வேண்டாம்.

மறுநாள் சூடும் குளிரும். வெளிக்குழாயில் மட்டும் வெந்நீரில் முக்கிய துண்டைச் சுற்றுங்கள். உட்குழாயின் வாய் திறந்திருந்தால் அதற்குள் ஐஸ் தண்ணீர் ஊற்றுங்கள். உடனே திருகிப் பாருங்கள், ஏனென்றால் அலுமினியத்தில் சூடு சட்டென்று பரவி இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். இதனால் கிடைக்கும் இடைவெளி எவ்வளவு? 30 மி.மீ. விட்டமுள்ள குழாயில் 40 டிகிரி வித்தியாசம் இருந்தாலும் 0.03 மி.மீ.க்குக் குறைவுதான், தலைமுடிப் பருமனில் பாதிகூட இல்லை. ஆனாலும் நான்கைந்து தடவை செய்தால் நடுவில் இறுகியிருக்கும் பொடி விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழிவிடும். பலன் அதில்தான். மே மாத வெயிலில் கம்பை மொட்டை மாடியில் போட்டால் கழன்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். இரண்டு குழாயும் சேர்ந்தே சூடாகிச் சேர்ந்தே விரியும். கை சுடுவதுதான் மிச்சம்.

அப்புறம், திருகுவதோடு நிற்காமல் தள்ளவும் வேண்டும். உட்குழாய் உள்ளே போய் மாட்டியிருந்தால் கம்பின் அடி மூடியைக் கழற்றுங்கள். உட்குழாயின் விளிம்பில் உட்காரும் பருமனில் ஒரு மரக்கோலை, துடைப்பக் கட்டை மாதிரி ஒன்றை, உள்ளே விட்டு அடியிலிருந்து தட்டுங்கள். வெளியே நீண்ட நிலையில் மாட்டியிருந்தால், நுனியில் இருக்கும் பிரஷ்ஷைக் கழற்றிவிட்டு, நுனியை ஒரு மரப்பலகைமேல் ஊன்றி, வெளிக்குழாயைப் பிடித்துக் கீழ்நோக்கிக் குத்துங்கள். சின்னச் சின்னக் குத்தாக, நிறைய.

செய்யக் கூடாத ஒன்று, பைப் ரிஞ்ச் போடுவது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் செய்த வேலை அது. கம்பின் சுவர் மெல்லிசு, ரிஞ்சின் பல் பட்டதும் வட்டக் குழாய் முட்டை வடிவமாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த எண்ணெயாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, அந்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். பெஞ்சு வைஸில் வைப்பதானாலும், குழாய்ப் பருமனில் துளையிட்ட மரக்கட்டையை இரண்டாகப் பிளந்து நடுவில் கொடுத்துத்தான் வைக்க வேண்டும்.

கார்பன் ஃபைபர் கம்புக்கும் இதே முறைதானா?

இல்லை. கார்பன் சூட்டுக்குக் கிட்டத்தட்ட விரிவதே இல்லை. அதனால் கார்பனுக்குள் கார்பன் மாட்டியிருந்தால் வெந்நீரால் பலனில்லை, அங்கே பிடித்திருப்பது பெரும்பாலும் மணலும் அழுக்கும்தான். சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி அசையுங்கள். சோப்பே வழுக்கலும் தரும்.

கார்பன் குழாயில் அலுமினியப் பாகம் மாட்டியிருந்தால் கதை வேறு. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதோடு அலுமினியம் ஒட்டியிருந்து நடுவில் உப்புத்தண்ணீரும் இருந்தால், அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆகிவிடும். கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். கடலோரத்தில் வேலை செய்யும் கார்பன் கம்புகளில் மாட்டுமுனை மட்டும் வெள்ளைப் பூத்து இறுகுவது இதனால்தான். இங்கே யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: அலுமினியம் உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே இருந்தால் ஐஸ் வைத்துச் சுருங்க வையுங்கள். வெளியே வளையமாக இருந்தால் வெந்நீரால் விரிய வையுங்கள். மாற்றிச் செய்தால் இன்னும் இறுகும்.

தீ மட்டும் வேண்டாம். கார்பன் இழைகளைப் பிடித்து வைத்திருப்பது ரெசின் என்ற பசை, அது சூட்டில் இளகிவிடும். மெழுகுவர்த்தி, லைட்டர், ஹீட் கன் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலே போதும். இன்னொன்று, மாட்டுமுனை சில கம்புகளில் பசை வைத்தே ஒட்டப்பட்டிருக்கும். கழற்றுவதற்கென்று செய்யாததை இறுகிவிட்டது என்று நினைத்துப் பிடுங்காதீர்கள்.

கிளாம்ப் லிவர் அசையவில்லை. எண்ணெய் விடலாமா?

லிவர் திரும்பும் ஊசியில் மட்டும் ஒரு சொட்டு. குழாயைப் பிடிக்கும் உள்பக்கத்தில் ஒரு துளிகூடப் படக் கூடாது. கிளாம்ப் வேலை செய்வதே உராய்வில்தான். எண்ணெய் பட்ட கிளாம்ப் மூன்றாவது மாடி உயரத்தில் நழுவினால், மேல் குழாய் சறுக்கிக்கொண்டு இறங்கி விரலை நசுக்கும். தெரியாமல் பட்டுவிட்டால் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் குழாயையும் கிளாம்பையும் கழுவிக் காய வையுங்கள்.

லிவர் அசையாததற்கு எண்ணெய்க் குறைவு பெரும்பாலும் காரணம் இல்லை, ஊசியைச் சுற்றிப் படிந்த சுண்ணாம்புதான். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் வையுங்கள். லிவரை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பிளாஸ்டிக் காது உடைந்துவிடும்.

நுனி மரையில் பிரஷ் கழல மறுக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. அந்த பிரஷ்ஷும் கம்பும் ஒரே கம்பெனியுடையதா? அமெரிக்கக் கம்புகளின் மரையும் ஐரோப்பியக் கம்புகளின் மரையும் வேறு வேறு அளவு. கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் இரண்டு சுற்று போகும், அதற்கு மேல் மரை மேல் மரை ஏறி இறுகும். ஊரில் ஒருவரைப் பார்த்து மரை கழண்டவன் என்கிறோம், இது மரை ஏறியது. இதற்கு எண்ணெய் உதவாது. கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் அசைத்தபடி வெளியே எடுப்பது ஒன்றே வழி. பிளாஸ்டிக் மரையில் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

மரை சரியாகவே பொருந்தி, அழுக்கால் இறுகியிருந்தால் கழுவுவதும் சுடுதண்ணீரும் போதும். கழற்றுவதற்கு முன் ஒருமுறை இறுக்கும் திசையில் லேசாகத் திருப்பிவிட்டுப் பிறகு கழற்றுங்கள், மெக்கானிக் ஷெட்டில் துருப்பிடித்த நட்டுக்குச் செய்வார்களே அதேபோல. சில கம்புகளில் மரையே இருக்காது, கூம்பு முனை வைப்பர் கைப்பிடிக்குள் நுழைந்து நிற்கும். அதைத் திருகிப் பயனில்லை. பக்கவாட்டில் மரக்கட்டையால் நாலு தட்டு தட்டி நேராக இழுக்க வேண்டும்.

வினிகருக்குப் பதில் பாத்ரூம் ஆசிட் வேகமாக வேலை செய்யுமே?

வேகமாகத்தான் செய்யும், கம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆசிட் பட்ட அலுமினியம் பொங்கும். வாஷிங் சோடாவும் காஸ்டிக் சோடாவும் அப்படியே. கம்பின்மேல் பளபளப்பாக இருப்பது வெறும் நிறம் இல்லை, துரு வராமல் காக்கும் மெல்லிய படலம். அது போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் மறுபடி இறுகும். வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும், அதுவும் அரை மணி நேரம், பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ராத்திரி முழுக்க ஊற வைக்காதீர்கள்.

டபிள்யூடி-40, மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், எது நல்லது?

டபிள்யூடி-40 1953இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ராக்கெட் உடம்பில் ஈரம் தங்காமல் இருக்க உருவாக்கப்பட்டது. பெயரில் இருக்கும் 40, நாற்பதாவது முயற்சியில் கலவை சரியாக வந்ததைக் குறிக்கிறது. தண்ணீரை விரட்டும், ஓரளவு ஊடுருவும். இறுகியதைக் கழற்ற நல்லது, கழன்ற பிறகு வழுக்கலுக்காகப் பூசி வைக்க அது உகந்ததல்ல, சீக்கிரம் காய்ந்துவிடும். மண்ணெண்ணெயோடு கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்தது நம் பட்டறைகளின் பழைய மருந்து. அதுவும் வேலை செய்யும், மெதுவாக. நெருப்புப் பக்கம் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். முதல் நாள் அருமையாக வழுக்கும். நாள்பட்டால் பிசுக்கேறி, தூசியைச் சேர்த்துக்கொண்டு பசையாகிவிடும். நல்லெண்ணெய்க்கும் இதே கதி. அசிட்டோன் கலந்த எதையும் பிளாஸ்டிக் பாகம் இருக்கும் கம்பில் விடாதீர்கள், பல பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும். எந்த எண்ணெயாக இருந்தாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு கண்ணாடியில் இறங்கினால் அன்றைய வேலை இரட்டிப்பு.

தண்ணீர்க் கம்பின் டியூப் இணைப்பிலிருந்து வரவில்லை. இழுத்தால் இன்னும் பிடிக்கிறது.

இழுத்தால் பிடிக்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். வீட்டு ஆர்ஓ மெஷினில் வெள்ளை டியூப் நுழையும் இடத்தைப் பார்த்திருப்பீர்களே, அதே ஜாதி. உள்ளே சின்ன எஃகுப் பற்கள் இருக்கும், வெளியே இழுக்க இழுக்க டியூபைக் கவ்வும். தண்ணீர் அழுத்தம் இருக்கும்வரை கழலாது. பம்பை நிறுத்தி, வால்வைத் திறந்து, மிச்சத் தண்ணீரை வெளியேற்றுங்கள். டியூபை ஒரு நூல் அளவு உள்ளே தள்ளுங்கள். சுற்றியுள்ள வளையத்தை இரண்டு பக்கமும் சமமாக அழுத்திக்கொண்டு இப்போது இழுங்கள். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் வளையம் சாய்ந்து மறுபக்கப் பற்கள் விடாது. சின்ன ஸ்பேனரின் வாயை வளையத்தில் வைத்து அழுத்தினால் சமமாக அழுந்தும். வெளியே வந்த டியூபின் நுனியில் பல் தழும்பு இருந்தால் ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள், இல்லாவிட்டால் ஒழுகும்.

பித்தளை முனையில் வெறுமனே ஏற்றிய ரப்பர் குழாய் என்றால் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கித் திருகி எடுங்கள். கத்தியால் கீறினால் முனையில் வெட்டு விழுந்து, புதுக்குழாயும் ஒழுகும்.

பித்தளை வைப்பரின் திருகுகள் இறுகிவிட்டன.

இன்றைய வைப்பர்களின் மூதாதையைக் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியக் குடியேறி 1930களில் உருவாக்கினார். அதற்கு முன் இருந்த கனத்த வைப்பரில் ரப்பர் மாற்ற 12 திருகைக் கழற்ற வேண்டியிருந்தது. நம் கையில் இருப்பதில் இரண்டு திருகுதான், அந்த வகையில் நமக்கு லாபம்.

பித்தளைக்குப் புளி. குத்துவிளக்கு தேய்ப்பதுபோல் ஊறிய புளியைத் திருகின்மேல் வைத்து, களிம்பு இளகியதும் கழுவுங்கள். தலையில் இருக்கும் வெட்டை ஊசியால் சுரண்டிச் சுத்தம் செய்து, வெட்டின் முழு அகலத்துக்கும் பொருந்தும் ஸ்க்ரூடிரைவரை வைத்து, அதன் பின்பக்கம் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பிறகு திருப்புங்கள். பித்தளை மெத்து, சின்ன ஸ்க்ரூடிரைவர் போட்டால் வெட்டு மழுங்கிவிடும்.

கழற்றியதும் மொட்டை மாடியில் முழுக்க நீட்டிச் சோதித்துப் பார்க்கலாமா?

மேலே மின்கம்பி இல்லாத இடத்தில் மட்டும். அலுமினியம் மட்டுமல்ல, கார்பனும் ஷாக் அடிக்கும். பிளாஸ்டிக் மாதிரி கறுப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். தரையில் படுக்க வைத்து நீட்டிப் பார்த்தாலே பூட்டுகள் எப்படியிருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

எப்போது கைவிடுவது?

குழாய் நெளிந்திருந்தால், கார்பனில் நீளவாக்கில் விரிசல் இருந்தால், கிளாம்பின் காது பிளந்திருந்தால். கிளாம்பை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். விரிசல் விட்ட கார்பனை டேப் சுற்றி ஓட்டாதீர்கள், உயரத்தில் ஒடியும், அதன் சிம்பு கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

மறுபடி இறுகாமல் இருக்க?

வேலை முடிந்ததும் கம்பின் எல்லாப் பாகத்தையும் உருவி, நல்ல தண்ணீரில் அலசி, சுவரில் சாய்த்துக் காய வைத்த பிறகு சேருங்கள். ஈரத்தோடு சுருக்கிப் பையில் போட்டுக் கட்டுவதுதான் எல்லா வினைக்கும் விதை. அலசுவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடலோரத்துப் போர் பல, அதைச் சாதாரணமாகத் தாண்டும்.

நுனி மரையில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப் சுற்றுங்கள், ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்தான். இல்லாவிட்டால் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள். கிராஃபைட் கலந்த கறுப்பு கிரீஸ் மட்டும் அலுமினியத்துக்கு ஆகாது, கிராஃபைட்டும் கார்பன்தான், மேலே சொன்ன பேட்டரி வேலையை அதுவும் செய்யும். பரணில் வைக்கும்போது பூட்டுகளைத் தளர்த்தியே வையுங்கள்.

எல்லாம் செய்துவிட்டேன், கழன்றும்விட்டது. ஆனால் நீட்டும்போது கீச்சென்று சத்தம் வருகிறதே?

உள்ளே இன்னும் பொடி இருக்கிறது. ஒரு நீளக் குச்சியில் துணியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, துப்பாக்கிக் குழலைத் துடைப்பதுபோல் வெளிக்குழாயின் உள்பக்கத்தைத் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை.